கேமராவுக்கு எல்லாமே சாம்பல்தான்

"இன்னா சார், தண்ணி கறுப்பாவே இல்லியே?"

முகத்துவாரக்குப்பத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில், டி.வி. முன்னால் உட்கார்ந்து அண்ணன் என்னைக் கேட்ட கேள்வி இது. நான் வாயடைத்துப் போனேன். வீடியோ எடுத்தவன் நான். அன்று காலை அதே தண்ணீரை அவர் பக்கத்தில் நின்று பார்த்தவனும் நான்தான்.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் 3, 4 தேதிகளில் கொட்டித் தீர்த்த மழை நம் யாருக்கும் மறந்திருக்காது. வெள்ளத்தோடு சேர்ந்து எண்ணெய்க் கழிவும் பக்கிங்ஹாம் கால்வாய் வழியே வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் எல்லா இடத்திலும் படகும் வலையும் கறுத்துப் போயின. அலையாத்திச் செடிகளின் வேரில் கோடு போட்ட மாதிரி எண்ணெய் ஏறியிருந்தது. கூழைக்கடாக்கள் எண்ணெயில் ஊறிய இறகோடு பறக்க முடியாமல் நின்றதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள்.

அண்ணன் போன் பண்ணினார். "சார், ஒன் கேமராவ எடுத்துக்கினு வா. நாளைக்கு எவனாவது வந்து, இங்க ஒண்ணும் ஆவலன்னு சொன்னா காட்டறதுக்கு நம்ம கையில ஒண்ணு வேணும்."

அவரை எனக்கு முப்பது வருடத்துக்கு மேலாகத் தெரியும். நான் எண்ணூர்ப் பக்கம் ஓர் அனல்மின் நிலையத்தில் பாய்லர் பிரிவில் வேலை பார்த்தவன். ஷிப்ட் முடிந்து டீக்கடைக்கு வந்தால் அவர் இருப்பார். நைட் ஷிப்ட் முடிந்த காலைகளில் அவரிடம்தான் இறால் வாங்குவேன். "ஒன் கம்பெனி சாம்பல் கலந்த எறா சார், மசாலா கம்மியா போதும்" என்று கிண்டல் செய்வார். நானும் சிரித்துவிட்டு வாங்கிக்கொள்வேன். அந்தச் சிரிப்பைப் பற்றி இன்னொரு நாள் எழுத வேண்டும்.

மகள் வாங்கிக் கொடுத்த மிரர்லெஸ் கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு ஏர்ணாவூரிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். நாற்பது நிமிடத்துக்கு மேல் எடுத்தேன். எல்லாம் ஆட்டோவில். பட்டனை அழுத்தினால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும் என்றுதான் கடைக்காரர் சொல்லியிருந்தார். வானம் வராமல் கேமராவைத் தாழ்த்தி, தண்ணீர் மட்டுமே திரை முழுக்க வருகிற மாதிரி எடுத்தேன். அப்போதுதான் எண்ணெய் நன்றாகத் தெரியும் என்பது என் எண்ணம்.

சாயங்காலம் டி.வி.யில் போட்டால் தண்ணீர் சாம்பல் நிறமாக இருக்கிறது! வழக்கமான வெள்ளச் சேறு மாதிரி. அண்ணன் வீட்டு அம்மா கூட, "நம்ம ஆறாட்டமே இல்லியே" என்றார். டி.வி. சரியில்லை என்று முதலில் சமாளித்தேன். என் செல்போனில் போட்டுப் பார்த்தேன். அதிலும் அதே சாம்பல். கோளாறு நான் எடுத்த விதத்தில்தான்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. கேமராவோடு வந்த புத்தகத்தையும், இணையத்தில் கிடைத்ததையும் படித்தேன். விஷயம் ரொம்பச் சின்னது. கேமராவுக்குள் இருக்கிற ஒளி அளக்கும் மீட்டருக்கு, எதிரில் இருப்பது என்னவென்று தெரியாது. மொத்தக் காட்சியும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறமாக இருக்கும் என்று அது நம்பிக்கொண்டிருக்கிறது. விழுகிற ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் என்று ஒரு கணக்கு. வீடு, மரம், மனிதர், தெரு எல்லாம் கலந்த காட்சிக்கு அந்த நம்பிக்கை பெரும்பாலும் சரியாக வரும். திரை முழுக்கக் கறுப்பைக் காட்டினால், "ஐயோ, இருட்டாக இருக்கிறதே" என்று வெளிச்சத்தைக் கூட்டிக் கறுப்பைச் சாம்பலாக்கும். முழுக்க வெள்ளையைக் காட்டினால் குறைத்து அதையும் சாம்பலாக்கும். நிறத்துக்கு ஒயிட் பேலன்ஸ் என்று இன்னொரு ஆட்டோ. அது தன் பங்குக்கு எண்ணெயின் பழுப்பைத் துடைத்துவிட்டது. ஆக, ஆற்றைக் கழுவுவதற்கு முன்னால் என் கேமரா கழுவிவிட்டது.

இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. 2020 செப்டம்பர் 9 அன்று, காட்டுத்தீப் புகையால் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்து வானம் பகலிலேயே ஆரஞ்சு நிறமாகிவிட்டது. ஜனங்கள் பயந்துபோய் செல்போனில் படம் எடுத்தார்கள். பார்த்தால் படத்தில் சாதாரண மேகமூட்டம்! வானம் ஆரஞ்சாக இருக்காது என்பது போனின் நம்பிக்கை. அதனால் அந்த நிறத்தைக் கோளாறு என்று நினைத்துத் திருத்திவிட்டது. கண்ணால் பார்த்ததை நிரூபிக்க அங்கேயும் பலர் ஒயிட் பேலன்ஸைக் கையால் மாற்றி எடுக்க வேண்டி வந்தது.

ஆட்டோ புதிய விஷயமும் இல்லை. கோடாக் கம்பெனி 1938-லேயே 'சூப்பர் சிக்ஸ்-20' என்ற கேமராவில், ஒளிக்குத் தகுந்தபடி தானே துவாரத்தைச் சுருக்கி விரிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்துவிட்டது. நம் ஊர்க் கல்யாணங்களுக்கு அது வி.எச்.எஸ். கேமராவோடு வந்தது. என் கல்யாண கேசட் இன்றும் பீரோவில் இருக்கிறது. தாலி கட்டும் நேரத்தில் பின்னாலிருந்த சீரியல் பல்பெல்லாம் திரைக்குள் வர, கேமரா ஆட்டோவில் ஒளியைக் குறைத்துவிட்டது. மாப்பிள்ளை முகம் அடுப்புக்கரி. "அப்பவே எனக்கு ஆளு சரியாத் தெரியல" என்று என் மனைவி முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

எனக்குக் கோபம் கேமரா மேல் இல்லை. ஆட்டோ, மேனுவல் என்பதையே தொழிலாகச் செய்தவன், இதை எப்படிக் கோட்டை விட்டேன்?

எங்கள் கன்ட்ரோல் ரூமில் ஒவ்வொரு வால்வுக்கும் பேனலில் ஆட்டோ–மேனுவல் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். பாய்லர் டிரம்மில் பாதி தண்ணீர், பாதி நீராவி. தண்ணீர் மட்டம் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. ஏறினால் டர்பைனுக்குத் தண்ணீர் போகும். இறங்கினால் குழாய்கள் காய்ந்து வெடிக்கும். திடீரென்று நீராவித் தேவை கூடினால் டிரம்மில் அழுத்தம் இறங்கும். உடனே தண்ணீருக்குள் குமிழிகள் உப்பி மட்டம் ஏறுவது போலக் காட்டும். பால் பொங்கும்போது பால் கூடிவிட்டது என்று யாராவது நினைப்பார்களா? மட்டத்தை மட்டும் பார்க்கிற ஆட்டோ அப்படித்தான் நினைக்கும். தண்ணீர் அதிகம் என்று வால்வை மூடும். உண்மையில் அந்த நேரத்தில் உள்ளே தண்ணீர் குறைந்துகொண்டிருக்கும். மட்டத்தோடு நீராவி, தண்ணீர் இரண்டின் ஓட்டத்தையும் சேர்த்துப் பார்க்கிற ஆட்டோ நன்றாக வேலை செய்யும். ஆனால் யூனிட்டைக் கிளப்பும் நேரத்தில் நாங்கள் அதையும் நம்பாமல் மேனுவலில் வைத்துக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்போம். நிதானமாக ஓடத் தொடங்கியதும் ஆட்டோவுக்கு மாற்றிவிட்டு டீ குடிப்போம். ஆட்டோவைக் கேவலமாக நினைத்த ஆபரேட்டர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. எட்டு மணி நேரமும் கையாலேயே ஓட்டுகிறவன் ஆறாவது மணியில் தப்புப் பண்ணுவான்.

அங்கே கற்ற இன்னொன்று, தட்டாமல் மாற்றுவது. ஆட்டோவிலிருந்து மேனுவலுக்குப் போகும் முன், ஆட்டோ அந்த நிமிடம் வால்வை எத்தனை சதவீதம் திறந்து வைத்திருக்கிறது என்று பார்த்து, கை அமைப்பையும் அதே அளவில் வைத்துவிட்டுத்தான் சுவிட்சைத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் பாய்லருக்குத் தூக்கிவாரிப் போடும்.

இரண்டு நாள் கழித்து மறுபடி முகத்துவாரக்குப்பம் போனபோது அதைத்தான் செய்தேன். எண்ணெய் இன்னும் அங்கேயே இருந்தது. ஆட்கள் பக்கெட்டும் மக்கும் வைத்து மொண்டுகொண்டிருந்தார்கள். கையில் ஒரு சாம்பல் அட்டை கொண்டு போயிருந்தேன். இதற்கென்றே விற்கிறார்கள், அந்த 18 சதவீதச் சாம்பல். அதைத் தண்ணீருக்குப் பக்கத்தில், அதே வெளிச்சத்தில் பிடிக்கச் சொல்லி, திரை முழுக்க அட்டை தெரியும்படி வைத்து, ஆட்டோ என்ன எண்களைச் சொல்கிறது என்று பார்த்தேன். அதே எண்களை மேனுவலில் வைத்துப் பூட்டிவிட்டு, அட்டையை எடுக்கச் சொன்னேன். ஒயிட் பேலன்ஸையும் அதே அட்டையைக் காட்டிப் பதித்துக்கொண்டேன். வானத்தின் பளபளப்பு எண்ணெய் மேல் விழாத கோணமாக, படகின் நிழல் பக்கம் போய் நின்றேன்.

ஷட்டர் 1/50. வீடியோவில் நொடிக்கு 25 படம் ஓடினால் ஷட்டர் அதற்கு இரட்டிப்பாக இருப்பது வழக்கம். அசைவு கண்ணுக்கு இயல்பாக இருக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட்டுக்குக் கீழே எடுத்தாலும் பட்டை பட்டையாக ஓடாது. ஆட்டோவில் விட்டால் வெயிலில் ஷட்டர் 1/2000-க்குப் போய்விடும். துடுப்பு போடுகிற கை வெட்டி வெட்டி ஒட்டியது போல நகரும். வெயிலில் 1/50 வைத்தால் வெளிச்சம் அதிகமாகும் என்பதால், லென்ஸுக்கு முன்னால் என்.டி. ஃபில்டர் என்கிற கறுப்புக் கண்ணாடியை மாட்ட வேண்டும். மூக்குக்கண்ணாடிக்கு மேல் கூலிங்கிளாஸ் மாதிரிதான்.

அன்று இன்னொன்றும் கவனித்தேன். முதல் நாள் எடுத்ததில், வெள்ளைப் படகு ஒன்று திரைக்குள் நுழைந்ததும் தண்ணீர் கறுக்கும், படகு விலகியதும் வெளுக்கும். படம் முழுக்க மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தது. பூட்டிவைத்த பிறகு படகு படகாக வந்து போனது, தண்ணீர் தண்ணீராக நின்றது.

சாயங்காலம் அதே டி.வி. அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. வீடியோ முடிந்ததும், "இன்னொரு தபா போடு" என்றார். இரண்டாவது முறை பாதியிலேயே எழுந்து வெளியே போய் பீடி பற்ற வைத்துக்கொண்டார். அவர் மகன்தான், "இது எங்க ஆறு சார். தாரு மாரி இருந்திச்சில்ல, அதே" என்றான்.

பிறகு கணக்கெடுக்க வந்தவர்களிடம் என் வீடியோ தேவைப்படவே இல்லை. படகு கரையிலேயே நின்றது, கை வைத்தால் ஒட்டியது. இருந்தாலும் அண்ணன் அதை ஒரு பென் டிரைவில் போட்டு வாங்கி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

இங்கே ஓர் இடைச்செருகல். டி.எம். கிருஷ்ணா பாடி, ரதீந்திரன் பிரசாத் இயக்கி 2017 ஜனவரியில் வெளிவந்த 'சென்னை பொறம்போக்குப் பாடல்' வீடியோவை நம் எண்ணூர்க் கழிமுகத்தில்தான் எடுத்தார்கள். பார்க்காதவர்கள் பார்க்கலாம். பாட்டைக் கேட்ட பிறகு ஒருமுறை சத்தத்தை அடைத்துவிட்டு, புகைபோக்கியும் சாம்பலும் வானமும் எந்த நிறத்தில் இருக்கின்றன என்று மட்டும் பாருங்கள். நான் அப்படித்தான் பாடம் படித்தேன்.

இத்தோடு நிறுத்தினால் மேனுவல் கட்சிக்கு வெற்றி என்று ஆகிவிடும். நடந்தது அப்படி இல்லை.

அதற்குப் பிறகு எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. கேமராவின் சக்கரம் 'எம்'மிலேயே நின்றது. பேரன் தவழ்வதைக் கூட மேனுவலில் எடுத்தேன். ஒளி, நிறம், ஃபோகஸ் எல்லாம் என் கை. மாசி மாதத்தில் ஒரு விடிகாலை அண்ணன் என்னைக் கூப்பிட்டார். முகத்துவாரத்து மணலில் உட்கார்ந்து பேசுகிறேன், எடுத்து வை என்றார். இதற்கு முன் எத்தனையோ முறை நான் கேட்டு, "அத்த விடு சார்" என்று தட்டிக் கழித்தவர்.

ஸ்டாண்டைப் போட்டு, அவர் மடியில் கிடந்த வலை மேல் ஃபோகஸை வைத்தேன். முகத்துக்கு வைக்க வேண்டும் என்று தெரியும். இருட்டில் முகம் சரியாகத் தெரியவில்லை. வலையும் முகமும் ஏறக்குறைய ஒரே தூரம்தானே என்று விட்டுவிட்டேன். இருட்டுக்காக லென்ஸ் துவாரத்தை முழுக்கத் திறந்திருந்ததால், ஃபோகஸில் ஒரு சாண் முன்னே பின்னே போனாலும் மங்கிவிடும் என்பதும் தெரியும். பேச ஆரம்பித்தார். சின்னப் பையனாக இருந்தபோது இந்த ஆற்றில் கால் ஊன்ற முடியாத ஆழம் இருந்தது, கோடையில் வாய் தூர்ந்து போனால் ஊரே மண்வெட்டியோடு போய் வெட்டிவிடும், ஒரு பக்கம் கடல் தண்ணீர் உள்ளே வர, ஆற்று இறால் துள்ளும் என்றெல்லாம் சொன்னார். அவர் அப்பா சொன்ன காற்றுக் கணக்கைச் சொன்னார். பேச்சு சூடாக ஆக முன்னால் நகர்ந்து, என் பக்கம் சாய்ந்துகொண்டே வந்தார். இருபது நிமிடம். நான் கேட்பதில் மயங்கித் திரையைப் பார்க்கவில்லை. இதற்குள் கடலில் சூரியன் கிளம்பிவிட்டது. கடலோரத்தில் விடியல் எவ்வளவு வேகம் என்று உங்களுக்குத் தெரியும். ஐந்து நிமிடத்தில் உலகம் மாறிவிடும். நான் பூட்டிய எண்கள் இருட்டுக்கானவை.

வீட்டில் போட்டுப் பார்த்தேன். வலை ஒவ்வொரு கண்ணும் எண்ணலாம் போலத் துல்லியம். அண்ணன் முகம் மங்கல். பத்தாவது நிமிடத்துக்கு மேல் வெள்ளைப் படலத்தில் ஒரு நிழல் பேசிக்கொண்டிருக்கிறது. குரல் மட்டும் அருமையாக இருந்தது.

மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டேன். "ஒரு தபா சொன்னது சொன்னதுதான் சார். ரெண்டாம் தபா சொன்னா கதை ஆயிடும்" என்று சிரித்தார். மழைக்காலத்துக்கு முன்னால் உடம்பு முடியாமல் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் போயிருந்தபோது அவர் பேத்தி தன் செல்போனைக் காட்டினாள். அந்த விடிகாலையில் அவளும் தூக்கக் கலக்கத்தோடு வந்து ஓரமாக நின்று எடுத்திருக்கிறாள். எல்லாம் ஆட்டோ. வானம் தப்பு நிறம், கடல் வெளுத்திருந்தது, காற்று இரைச்சலில் பேச்சு பாதி புரியவில்லை. ஆனால் போன் அவர் முகத்தைக் கண்டுபிடித்து, அவர் எங்கே சாய்ந்தாலும் விடாமல் பிடித்திருக்கிறது. சிரிக்கும்போது இடது கண் சுருங்குவது கூடத் தெரிகிறது. மருமகனை வைத்து, அவள் எடுத்த படத்துக்கு என் கேமராவில் பதிந்த குரலைச் சேர்த்துக் கொடுத்தேன். ஆறு நிமிடம் வருகிறது. அவள் அவ்வளவுதான் எடுத்திருக்கிறாள். மீதி பதினான்கு நிமிடம் குரல் மட்டும்.

இப்போதெல்லாம் மனிதர் பேசினால் ஃபோகஸை ஆட்டோவிடம் கொடுத்துவிடுகிறேன். முகத்தைத் தேடுவதில் என் அறுபத்தொன்பது வயதுக் கண்ணை விட அது கெட்டி. விடியலிலும் அந்தியிலும், வெளிச்சம் ஓடுகிற நேரத்தில் ஐ.எஸ்.ஓ.வை மட்டும் ஆட்டோவில் விட்டு, ஷட்டரைப் பிடித்துக்கொள்கிறேன். ஒரே இடம், ஒரே வெளிச்சம், நிறம் முக்கியம் என்றால் எல்லாம் கையில். செல்போனில் எடுக்கிற நண்பர்களுக்கு ஒன்று: பெரும்பாலான போன்களில், திரையில் உங்களுக்கு வேண்டிய இடத்தில் விரலை வைத்துச் சில நொடி அழுத்தினால் ஒளியும் ஃபோகஸும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு சின்னச் சூரியன் தெரிந்தால், அதைக் கீழே இழுக்க இழுக்கக் கறுப்பு கறுப்பாகும். என்னிடம் இருந்தது சாதாரணப் போன்தான் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

நேற்று அண்ணன் மகன் கூப்பிட்டான். வாய் மறுபடி தூர்ந்து வருகிறதாம், ஃபைபர் போட்டு அடி தட்டுகிறதாம். "அப்பா இருந்தா ஒன்ன இட்டுக்கினு வரச் சொல்லியிருப்பாரு சார்" என்றான். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்குப் போகிறேன். பேத்தியையும் போனோடு வரச் சொல்லியிருக்கிறேன். பேட்டரி இரண்டும் சார்ஜில் கிடக்கின்றன.